காணாமல் போன பேஸ்

லிஃப்ட்காரருக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், அவருக்கு அது பிழைப்பு போகிற விஷயம். பாட்டில் பேஸ் கேட்கவில்லை.

பேஸ் தெரியும்தானே? பாடுகிறவளை ஊரே பார்க்கும். அவளுக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில் ஒருத்தன் தடித்த தந்தியைத் திம் திம்மென்று இடித்துக்கொண்டு நிற்பானே, அந்தச் சத்தம். அவன் வாசிக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். அவன் நிறுத்தினால் ஆடுகிறவர்களுக்குக் கால் ஓடாது. அப்படிப்பட்ட ஜென்மம் அது.

அந்த ஜென்மத்துக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்கு பேர் ஒரு மாடியறையில் கூடிச் சண்டை போட்டார்கள் என்றால் நம்ப வேண்டும். டெய்லருடைய அறை அது. கீழே கடை, மேலே துணி வெட்டுகிற பெரிய மேசை, ஒரு ரெக்கார்ட் பிளேயர், மூலைக்கு ஒன்றாக இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். எண்பதிலிருந்து எண்பத்து நான்குக்குள் வந்த பாப், ஃபங்க் ரெக்கார்டுகளை இருநூறுக்குமேல் அவர் சேர்த்து வைத்திருந்தார். அதற்கு முன்னால் வந்ததும் வேண்டாம், பின்னால் வந்ததும் வேண்டாம் என்பது அவருடைய பிடிவாதம். அந்த இருநூறில் எதன் பேஸ் உசத்தி? இதுதான் ஆறு வருஷத்து வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

டெய்லர் ஒன்று. இரண்டாவது ஆள் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் மார்க் போடும் கை ஓயவில்லை. எட்டே முக்கால், ஒன்பதே கால் என்று கால் காலாகப் பிடுங்குவார். மூன்றாவது லிஃப்ட்காரர், லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர். நான்காவது, லிஃப்ட்காரர் மனைவியின் அண்ணன். முப்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். லிஃப்ட்காரருக்கு மட்டுமில்லை, அந்த அறையில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான். டீச்சர்கூட “மச்சான் சார்” என்பார்.

வாயைத் திறந்தால் மச்சானை அடக்க முடியாது. இடது மூலைப் பெட்டியை ஒட்டினாற்போல் அவருடைய நாற்காலி. உள்ளங்கையை அந்தப் பெட்டியின் தலையில் வைத்துக்கொண்டு, சொந்தப் பேரனை உட்கார்த்தி வைத்திருப்பதுபோல் தட்டிக்கொடுத்தபடி பேசுவார். அடுத்தவர் பேச ஆரம்பித்தால் முகத்தையே உற்றுப் பார்ப்பார். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்து விழும். யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது சொன்னால் கண்டுகொள்ளவே மாட்டார். “ரொம்பத்தான் கொழுப்பு” என்று டீச்சர் முணுமுணுப்பார்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஓட்டுப் போடுமுன் அந்தப் பாட்டின் பேஸைக் கட்டைவிரலால் மேசையில் தட்டிக் காட்ட வேண்டும். முதல் வருஷம் டெய்லர் பாடகிகளின் அட்டைப் படத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார் என்று டீச்சர் கையும் களவுமாகப் பிடித்தார். அன்றைக்கு வந்த சட்டம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், டெய்லர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த கையோடு கூடிய ஞாயிறு. அரையிறுதி. சிவப்பு அட்டை ரெக்கார்டைப் போட்டார்கள். லிஃப்ட்காரர் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. பாடகன் வந்தான், கிதார் கீச்சிட்டது, தாளத்தட்டு சிணுங்கியது. அடியில் ஒன்றுமில்லை. படியிருக்கும் என்று கால் வைத்த இடத்தில் படியில்லாதபோது அடிவயிறு ஒரு நொடி தூக்கிப் போடுமே, அப்படித் தூக்கிப் போட்டது.

சுற்றிலும் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். டெய்லர் காலால் தாளம் போட்டார். மச்சானோ, “ஆகா! கேட்டியா மாப்ளே, அந்த மூணாவது இடிய! அப்படியே கையில ஏறுது பாரு!” என்று பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏறுது, ஏறுது” என்றார் லிஃப்ட்காரர். மனப்பாடமாகத் தெரிந்த பேஸை மேசையில் தட்டிக் காட்டி, ஓட்டும் போட்டுவிட்டு வந்தார். அது முதல் பொய்.

சரி, பேஸ் கேட்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். அவருக்கு முழுகும். லிஃப்ட் பராமரிப்பவருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். மோட்டாரின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். பேரிங் போகப்போகிறது என்றால் அடியில் ஒரு உறுமல் வரும். தடித்த, தாழ்ந்த உறுமல். கேட்டதும் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு உறுமலைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கம்பெனியில் அவர் காதின்மேல் சத்தியம் செய்வார்கள்.

அந்தக் காதுதான் இப்போது காலை வாரிவிட்டது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். வியாழக்கிழமை ஒன்பது மாடி மருத்துவமனையில் நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றுகிற லிஃப்டைச் சோதித்தார். உறுமல் இல்லை. ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெருவுக்கு வந்ததும் சந்தேகம் வந்தது. உறுமல் இல்லையா, இல்லை தனக்குத்தான் கேட்கவில்லையா? வெள்ளியும் சனியும் வேலை நேரத்தில் நழுவிப்போய் அந்த லிஃப்டிலேயே ஏறி இறங்கினார். “யாரைப் பாக்க வந்தீங்க?” என்று வாட்ச்மேன் மூன்று தடவை கேட்டுவிட்டான்.

சோதித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. போனில் பாட்டைப் போட்டுப் பார்த்தார். அந்தச் சுண்டுவிரல் அளவு ஸ்பீக்கரில் எவன் போட்டாலும் பேஸ் வராது, அவருக்கும் தெரியும். இருந்தாலும் வராதபோது போனைக் கவிழ்த்து வைத்தார். நல்ல இயர்போன் வாங்கக் கடைவரை போனார். போட்டுப் பார்த்து, அதிலும் கேட்கவில்லையென்றால்? கண்ணாடிக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். பயந்த மனுஷனுக்கு நிச்சயமாகத் தெரிந்துகொள்வதைவிடச் சந்தேகத்தோடு கிடப்பது மேல் என்று தோன்றும். முட்டாள்தனம்தான். நீங்களும் நானும் செய்யாததா?

“என்னங்க, பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

“எங்க அண்ணனும் இப்படித்தான், எதக் கேட்டாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் நல்லா சேந்தீங்க.”

திங்கட்கிழமை கம்பெனியில் வருஷாந்திரக் காது பரிசோதனை. தவறினால் அன்றே மாடியிலிருந்து இறக்கி, சாமான் அறையில் நட்டு எண்ண உட்கார்த்திவிடுவார்கள். அதாவது பரவாயில்லை. எப்படியோ தப்பித்துத் தேறிவிட்டால், அதன்பிறகு எவன் உயிராவது போனால்? இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறுதான் இறுதிச் சுற்று. மேசையின்மேல் டெய்லர் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார். சிவப்பு அட்டை, இன்னொரு அட்டையில் நிற்கிற கறுப்புக் கண்ணாடிக்காரி, மூன்றாவதாக ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிதான் வினை. பழைய பேப்பர் கடையில் மச்சான் பொறுக்கி வந்து நேராக இறுதிக்கே நுழைத்த ரெக்கார்ட். வெள்ளை அட்டை, படமில்லை, பெயரில்லை, நடுவில் எண்பத்திரண்டு என்று மட்டும் அச்சு. ஒருத்தரும் கேட்டதில்லை. மனப்பாடத்தில் தட்டிக் காட்ட வழியே இல்லை.

படியேறும்போதே லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குக் குட்டு உடைந்துவிடும். உடைவதற்குமுன் நாமே சொல்லிவிடலாமா? மேலே போனதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். மேலே போனார். சொல்லவில்லை.

விவாதம் முதலிலேயே சூடு பிடித்துவிட்டது.

“கண்ணாடிக்காரி பாட்டுல பேஸ் வாசிச்சது மனுஷனே இல்ல” என்றார் டெய்லர். “கீபோர்டுல போட்டது. மெஷினுக்கு எதுக்கு மார்க்கு?”

“உங்க சட்டைய மெஷின்தான தைக்குது? கூலிய நீங்கதான வாங்கறீங்க?” என்றார் டீச்சர். “கீபோர்டா இருந்தா என்ன, அமுக்கினது ஒரு கைதான. அந்தக் கை எங்க விடுதுன்னு பாருங்க. எட்டு அடியில ரெண்டு அடி வாசிக்கவே இல்ல. அந்த ரெண்டுக்குத்தான் நான் மார்க் போடறேன்.”

“வாசிக்காததுக்கு மார்க்கா? உங்ககிட்டப் படிச்ச பசங்க குடுத்து வெச்சவங்க.”

மச்சான் கையை உயர்த்தினார். “டீச்சர் சொல்றதுதான் சரி. ஆனா சிவப்பு அட்டைக்காரன் கட்டைவிரலால தந்திய அறையறான் பாருங்க, அந்த அறை பெட்டிக்கு வெளிய வருது. போன வாரம் எனக்கு முழங்கை வரைக்கும் வந்துச்சு. மெஷின் பேஸ் வழவழன்னு வழுக்கிட்டுப் போயிடுது. நீ என்ன சொல்றே மாப்ளே?”

லிஃப்ட்காரர் கையை விரித்தார். “ரெண்டுமே… நல்லாத்தான் இருக்கு.”

“இது என்ன வழவழா கொழகொழா பதில்? ஆறு வருஷமா மெஷின் பக்கம் நின்னு என்னோட மல்லுக்கட்டினவன் நீ. உடம்பு சரியில்லயா?”

“இல்ல மச்சான்.”

வெள்ளை அட்டையிலிருந்து ரெக்கார்டை எடுத்துத் துடைத்து டெய்லர் ஊசியை வைத்தார். ஒரு பெண் பாடினாள், நல்ல குரல். கிதார் சொறிந்தது. யாரோ கை தட்டினார்கள். அடியில் காலி. லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். காலி. மச்சானைப் பார்த்தார். அவர் பெட்டியின்மேல் கைவைத்து, கண்களை மூடி, சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. அறுபத்தாறு வயசுக் கிழவனுக்குக் கேட்கிறது, ஐம்பத்தேழு வயசில் தனக்குக் கேட்கவில்லை!

“கொண்டுவந்தவன் நான், நானே முதல்ல” என்று மச்சான் எழுந்துவந்து மேசையில் கட்டைவிரலால் தட்டினார். திம், திம்திம், ஒரு விடுதல், திம். மறுபடியும் அதே. மூன்றாவது சுற்றில் ஒரு வளைவு. அத்தனை துல்லியம், அத்தனை தைரியம். தட்டிவிட்டு நாற்காலிக்குப் போய்க் கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். “அடுத்து டீச்சர்.”

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “காலையிலேர்ந்து ஒரே தலைவலி. நான் கடைசியில தட்டறேன்.”

“நான் கீழ போயி டீக்குச் சொல்லிட்டு வரேன்” என்று டெய்லர் எழுந்தார்.

“டீ எங்கயும் ஓடிடாது, உக்காருய்யா” என்றார் மச்சான். “மாப்ளே, நீ தட்டு.”

மூன்று ஜோடிக் கண்கள். லிஃப்ட்காரர் கட்டைவிரலை மேசையில் ஊன்றினார். மச்சான் தட்டியதையே திருப்பித் தட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமையும் இப்படியே எதையாவது செய்து ஏமாற்றிவிடலாம். அந்த ஒன்பது மாடி லிஃப்டும், உள்ளே படுக்கையில் கிடக்கிற யாரோ ஒருவரும் கண்முன் வந்தார்கள். விரலை எடுத்துவிட்டார்.

“இன்னொரு வாட்டி போடுங்க” என்றார். கடைசியாக ஒரே ஒரு தடவை, பெட்டிக்குள்ளேயே காதை விட்டாவது கேட்டுப் பார்ப்பது, அப்புறம் சொல்லிவிடுவது. கீழே விழுந்த சாக்பீஸைத் தேடுகிற சாக்கில் வலது மூலைக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

திம், திம்திம், விடுதல், திம்.

காதில் அறைந்தது பேஸ். மண்டைக்குள் இறங்கி நெஞ்சில் மிதித்தது. அவர் அப்படியே மண்டிபோட்டுவிட்டார். பிறகு எழுந்து இரண்டடி பின்னால் வந்தார். பேஸ் போய்விட்டது. முன்னால் போனார். வந்தது. பின்னால். போனது. மடையன் மாதிரி நான்கு தடவை இப்படி ஆடினார்.

“என்ன மாப்ளே, எலியா?” என்றார் மச்சான்.

லிஃப்ட்காரருக்குப் பொறி தட்டியது. கரண்ட் தெரிந்த மனுஷன், மூன்று வாரமாக இது ஏன் உறைக்கவில்லை? பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தார். வலது பெட்டியில் சிவப்பு ஒயர் கறுப்பு முனையில் மாட்டியிருந்தது, கறுப்பு, சிவப்பில். இடது பெட்டி சரியாக இருந்தது. ஒரு பெட்டி முன்னால் தள்ளும் நேரத்தில் இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்று, நடு அறையில் அடிச்சத்தம் மட்டும் செத்துப்போயிருக்கிறது. சுண்ணாம்பு அடித்துவிட்டுத் திரும்ப மாட்டிய மகராசன் செய்த வேலை.

“ஊசியத் தூக்குங்க” என்றார். டெய்லர் தூக்கினார். ஒயர்களை உருவி மாற்றி மாட்டினார். அவசரத்தில் இரண்டு தடவை நழுவியது. “இப்ப போடுங்க.”

பேஸ் அறைக்குள் நடந்து வந்தது. மேசைமேல் கத்தரிக்கோல் அதிர்ந்தது. டீச்சர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. டெய்லர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வந்துடுச்சு! அடப்பாவி, வந்துடுச்சு!”

“உங்களுக்கும் கேக்கலயா?” என்றார் லிஃப்ட்காரர்.

“மூணு வாரமாய்யா!” என்றார் டெய்லர். “ காது டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன். காது நல்லா இருக்குன்னான். அவன் மேலயே சந்தேகப்பட்டு வேற டாக்டரத் தேடிட்டு இருந்தேன்.”

“நான் போன வருஷ நோட்டப் பாத்து மார்க் போட்டேன்” என்று டீச்சர் விசும்பலும் சிரிப்புமாகச் சொன்னார். “எங்க அம்மாவுக்குக் காது போனப்ப இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். ஒயர மாட்டினது யாரு? இவரா? ரெண்டு ஒயர ஒழுங்கா மாட்டத் தெரியாதவர்கிட்டத்தான் ஊரே துணி குடுக்குது!”

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். காது போகவில்லை. மருத்துவமனை லிஃப்டில் உறுமல் கேட்கவில்லை என்றால் உறுமல் இல்லை. திங்கட்கிழமை நிமிர்ந்து போகலாம். மூன்று வாரத்தில் முதல்தடவையாக முழு மூச்சு விட்டார்.

அப்போது மச்சான் சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கொஞ்சம் தாமதமாக. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார்: “என்ன ஆச்சு? பாட்டு அதேதான? ஒண்ணும் மாறலயே?”

கை பெட்டியின்மேல் இருந்தது. கட்டைவிரல் துளி பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் அந்த விரலைப் பார்த்தார். மெதுவாக மச்சானின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “மச்சான்” என்றார். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்க, “மச்சான்!” திரும்பவில்லை. பேஸ் காற்றில் செத்தாலும் பெட்டியின் பலகையில் சாகவில்லை. காதால் கேட்ட மூன்று பேருக்கும் மூன்று வாரம் பேஸே இல்லை. கையால் கேட்டவருக்குத்தான் ஒரு குறையுமில்லை.

கையில் ஏறுது, முழங்கை வரைக்கும் வந்துச்சு. அந்த மனுஷன் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

“ஆமா மச்சான் சார்” என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக ஆரம்பித்தார், “எங்க யாருக்குமே கேக்கல, உங்களுக்கு மட்டும் எப்படி…”

“பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்காருல்ல” என்று லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். “பக்கத்துல இருந்தா கேக்கும். இப்ப நான் குனிஞ்சப்ப எனக்கும் கேட்டுச்சே.”

டீச்சர் தலையாட்டினார். அது உண்மையும்கூட. மச்சான் டீச்சரின் பார்வை போன வழியே தலையைத் திருப்பினார், பின்னால் மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கை பெட்டியிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது. அன்றைக்கு வெள்ளை அட்டைக்கு நான்கு ஓட்டு. ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது, கொண்டாடத்தான் மச்சான் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது மச்சானும் மாப்பிள்ளையும் தெருவோரமாக நடந்தார்கள். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹார்ன் அடித்தது. மச்சான் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். வேன் உரசிக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். “எத்தன வருஷமா மச்சான்?”

மச்சான் அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

“அச்சகத்துல கடைசி ரெண்டு வருஷத்துலயே முக்காவாசி போயிடுச்சு. இப்ப சுத்தமா இல்ல. தங்கச்சிகிட்டச் சொல்லிடாத.”

“டாக்டர்கிட்டப் போலாம் மச்சான். நாளைக்கு எனக்கும் டெஸ்ட் இருக்கு, அது முடிஞ்சதும் உங்கள நானே கூட்டிட்டுப் போறேன்.”

“போலாம், போலாம்” என்றார் மச்சான். வேன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஆனா அந்த நாற்காலிய மட்டும் யாரும் மாத்திப்புடாதீங்க மாப்ளே. வாரம் பூரா வாயப் பாத்தே காலத்த ஓட்டறேன். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எனக்குக் கேக்குது.”

லிஃப்ட்காரர் மச்சானைச் சுவர் பக்கம் தள்ளிவிட்டு, தான் தெருப் பக்கமாக மாறி நடந்தார்.